பெயின்டரின் வெளுத்த கால்

அனுப்புநர்:
பெயின்டரின் மனைவி,
மாடி வீடு, தண்ணீர்த் தொட்டித் தெரு.

பெறுநர்:
சுகாதாரத் துறை இயக்குநர் அவர்கள்.

பொருள்: காலில் இரத்த ஓட்டம் நின்றுபோன என் கணவரைச் சதைப்பிடிப்பு என்று திருப்பி அனுப்பியது – விசாரணை கோருதல்.

மதிப்பிற்குரிய ஐயா,

1. சென்ற மாதம் ஒரு காலை, ஏணியில் நின்று சுவருக்கு வண்ணம் அடித்துக்கொண்டிருந்த என் கணவருக்கு வலது கால் திடீரென்று வெட்டி இழுத்தாற்போல் வலித்தது. உடனே ஆட்டோவில் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். முழங்காலுக்குக் கீழே சில்லிட்டிருந்தது. விரல்கள் மரத்துவிட்டன.

2. அவசரப் பிரிவு மருத்துவர் நாற்காலியை விட்டு எழவில்லை. "கால் வெள்ளையா இருக்கு சார்" என்றேன். "பெயின்டர்னு சொல்றீங்க, வெள்ளையாத்தானே இருக்கும்?" என்று சிரித்தார். அன்று என் கணவர் அடித்தது பச்சை வண்ணம், ஐயா. "வெறும் சதைப்பிடிப்பு" என்று வலிக்கு ஊசி போட்டு, வெந்நீர் ஒத்தடம் கொடுக்கச் சொல்லி அனுப்பிவிட்டார்.

3. சொன்னபடி செய்தேன். "இன்னும் தண்ணி சூடாகலையா?" என்று கேட்டார் என் கணவர். மரத்த காலில் சூடு உறைக்கவில்லை; அதற்குள் தோல் கொப்புளித்திருந்தது. அன்று இரவே மறுபடியும் அங்கேயே தூக்கிக்கொண்டு ஓடினேன். இந்த முறை பார்த்த அறுவை மருத்துவர் இரண்டு பாதங்களிலும் விரல் வைத்தார். இடதில் நாடி இருந்தது, வலதில் இல்லை. தாறுமாறாகத் துடித்த இதயத்திலிருந்து இரத்தக்கட்டி கிளம்பி வந்து காலின் இரத்தக் குழாயை அடைத்துவிட்டதாம். இரத்தம் உறையாமலிருக்க ஊசி போட்டு, அறுவை செய்து கட்டியை எடுத்தார். ஆனால் சதை செத்துப்போயிருந்தது. "காலையிலேயே வந்திருந்தா காப்பாத்தியிருக்கலாமேம்மா" என்றார். "காலையிலேயே வந்தோம்" என்றேன். முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள்.

4. ஏன் என்று நிர்வாகத்தைக் கேட்டேன். "நோயாளி தாமதமாக வந்தார்" என்று ஒரே வரியில் எழுதித் தந்தார்கள். வயிறு எரிகிறது ஐயா.

5. "சின்ன வயசு டாக்டர், விட்டுடு" என்கிறார் என் கணவர். அவருக்குப் பெரிய மனசு. எனக்கு இல்லை.

ஆகவே, அந்த மருத்துவரை விசாரிக்க வேண்டும். திடீரென்று கையோ காலோ வலித்து, வெளுத்து, சில்லிட்டு யார் வந்தாலும், இரண்டு பக்கமும் தொட்டு நாடி பார்க்காமல் அனுப்பக் கூடாது, ஒத்தடம் கொடுக்கச் சொல்லக் கூடாது என்று உத்தரவிட வேண்டும். அந்த ஒரு வரியை அடித்துவிட்டு, "வந்தவரைத் திருப்பி அனுப்பினோம்" என்று எழுதித் தரச் சொல்ல வேண்டும். அதை வாங்காமல் நான் வீடு திரும்பப் போவதில்லை.

இடம்: தங்கள் அலுவலக வாசல்
நாள்: திங்கட்கிழமை

இங்ஙனம்,
(ஒப்பம்)
பெயின்டரின் மனைவி