இரண்டு விசிறிகள்

ஞாயிறு.

மாதிரி விமானக் கண்காட்சியில் சேவியர் ஒரு ராணுவ டில்ட்ரோட்டர் வைத்திருந்தார். ஹெலிகாப்டராக எழும்பி விமானமாகப் பறக்கிற ரகம். போன வருடம் பரிசு அவருக்குப் போனதை நான் மறக்கவில்லை.

"என்னா சேவியர், ரெண்டு விசிறிக்கும் ஒரே பக்கத்து பிளேடு மாட்டிட்டீங்க? எதிரெதிராச் சுத்தணுமே. எழும்பினா விமானமே பம்பரமாச் சுத்தும்!"

கூட்டம் சிரித்தது. பக்கத்தில் நின்ற அவர் மகள் தலை குனிந்தாள். "ஆமா சார், கவனிக்கல" என்றார் சேவியர்.

வீட்டுக்கு வந்து பெருமையோடு நான் செய்த டில்ட்ரோட்டரை எடுத்தேன். அதிலும் அதே தவறு. எட்டு வருடமாக அலமாரியில் நிற்கிறது.

சேவியர் ஒருமுறை வீட்டுக்கு வந்தபோது இதைக் கையில் வாங்கி, விசிறிகளை வெகுநேரம் பார்த்தார். பக்கத்தில் என் மனைவி நின்றாள். "அழகா செஞ்சிருக்கீங்க சார்" என்று மட்டும் சொன்னார்.

நாளை இதை ரெட்டியார்பாளையத்தில் சேவியர் வீட்டுக்கு எடுத்துப்போய் அவரிடம் காட்ட வேண்டும். அவர் மகளும் வீட்டில் இருக்கிற நேரமாகப் பார்த்து.