ஊசியின் எடை

ஜூன் 10, செவ்வாய்

அரை நாள் விடுப்பு போட்டு எங்கள் பூனை ஊசியை டாக்டரிடம் கொண்டு போனேன். சில நாட்களாக வாலுக்கு மேலே முதுகு முடி சடைசடையாகத் திரண்டு நிற்கிறது. சிக்கெடுக்கப் போனால் கடிக்கிறாள். தோல் வியாதி என்று நினைத்திருந்தேன்.

டோல்கேட் பக்கம் கிளினிக். டாக்டர் பெயர் வரலட்சுமி. முடியை விலக்கிப் பார்த்துவிட்டு, "தோல்ல ஒண்ணும் இல்லம்மா. திரும்பி நக்கிக்க அவளால முடியல. வயிறு இடிக்குது" என்றார்.

எடை ஏழு கிலோ நூறு. இவள் உடல்வாகுக்கு நாலரை, மிஞ்சினால் ஐந்து இருக்கலாமாம். என் கையைப் பிடித்து ஊசியின் விலாவில் வைத்தார். "எலும்பு தட்டுப்படுதா பாருங்க." தட்டுப்படவில்லை. மெத்தென்று இருந்தது. பின்னால் நாய்க்குட்டியோடு உட்கார்ந்திருந்த ஒருத்தி களுக்கென்று சிரித்தாள்.

அதற்கப்புறம் டாக்டர் நிறைய பேசினார். சர்க்கரை வரும், மூட்டு தேயும், எப்படிக் குறைக்க வேண்டும், என்ன செய்யக் கூடாது. என் காதில் எதுவும் ஏறவில்லை. அந்த எடை மெஷின் மேல் என்னையே நிறுத்தி வைத்த மாதிரி முகம் எரிந்தது.

நாலு வருஷம் முன்னால், மழையில், எங்கள் கயிற்றுக் கடையின் தார்ப்பாய்க் கட்டுக்குள் என் கணவர் ஜோபின் கண்டெடுத்த குட்டி. அன்று எலும்பும் தோலும்தான். அதனால்தான் ஊசி என்று பெயர் வைத்தார். வருகிறவர்கள் எல்லாரும் பெயரைக் கேட்டுச் சிரிக்கிறார்கள்.

ஜூன் 11

அந்த டாக்டருக்கு என்ன தெரியும். அவரே குச்சி மாதிரி இருக்கிறார்.

ஜூன் 19, வியாழன்

மீன்பிடித் தடைக்காலம் முடிந்து விசைப்படகுகள் வரத் தொடங்கிவிட்டன. வாடிக்கையாக மீன் கொண்டுவரும் கெங்கம்மா நல்ல சங்கரா கொண்டு வந்தாள். படிக்கட்டில் கூடையை இறக்கியதும் ஊசி தொப்பை தரையைத் தடவ இறங்கி வந்தாள்.

"இன்னா பாப்பா, பூன முழுவாம கீதா?"

"இல்ல கெங்கம்மா. ஆபரேஷன் பண்ணியாச்சு."

"அப்ப இன்னாத்துக்கு இப்டி கீது?" என்று கேட்டுக்கொண்டே இரண்டு மீன் தலையை அதன் முன்னால் போட்டாள்.

ஜூன் 22, ஞாயிறு

அம்மா வந்திருக்கிறாள். திருவொற்றியூரில் தம்பி ஷிபின் வீட்டுக்கு வெள்ளையடிக்கிறார்களாம். பெயிண்ட் வாசனை ஆகாது என்று கொஞ்ச நாள் எங்களோடு. வாசலில் பையை வைத்ததும் முதல் வார்த்தை:

"ஏட்டி, பூனையையும் ஒன்ன மாதிரியே வளத்து வச்சிருக்கியே."

ஜோபின் சிரித்தார். என் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டார். நானும் சிரித்து வைத்தேன். முப்பத்தாறு வயதாகிறது, இன்னும் சிரித்துத்தான் வைக்கிறேன்.

ஜூன் 23, திங்கள்

முடிவெடுத்துவிட்டேன். எடை குறைப்பதற்கென்றே விற்கிற உலர் தீனி ஒரு பை வாங்கி வந்தேன். இனி அதுதான், அதிலும் அரைக் கிண்ணம். கோழி இல்லை, மீன் இல்லை, பால் இல்லை. பழைய தீனி டப்பாவைக் கீழ்வீட்டுக்காரரிடம் கொடுத்துவிட்டேன், என் கைக்கு எட்டக் கூடாது என்று.

ஊசி மோந்து பார்த்தாள். கிண்ணத்தைச் சுற்றித் தரையைக் காலால் பிராண்டினாள், அசிங்கத்தை மூடுகிற மாதிரி. போய்விட்டாள்.

ஜூன் 24

தொடவில்லை. "கொழுப்பு கெடக்குல்லா, தாங்கும். பசிச்சா தன்னால திங்கும்" என்றாள் அம்மா.

இதே வாக்கியத்தை நான் கேட்டிருக்கிறேன். எனக்குப் பதினைந்து வயது, சித்தி கல்யாணத்துக்கு முந்தின மாதம். சாத்திய அடுக்களைக் கதவுக்குப் பின்னால் நின்று அம்மா அப்பாவிடம் சொன்னாள். மோரும் வெள்ளரிக்காயும் தவிர எதுவும் இல்லாத மாதம். கோயிலில் பாட்டுக் குழுவில் நிற்கும்போதே மயங்கி விழுந்தேன்.

அப்படியிருந்தும் இன்று அம்மா சொன்னதற்குத் தலையாட்டினேன். ஏன்?

ஜூன் 26, வியாழன்

இன்றும் சாப்பிடவில்லை. பீரோவுக்கு அடியில் போய்ப் படுத்திருக்கிறாள். ஜோபின் கடையிலிருந்து சாப்பிட வந்தவர் குனிந்து பார்த்து, "கொஞ்சம் கோழி வேகவச்சு வையேன் பெர்சி, பாவம்" என்றார்.

"இப்ப எறங்கிப் போனா எப்பவும் இப்படித்தான் அடம் பிடிக்கும்" என்றேன். வாய் என்னுடையது. குரல் என்னுடையது இல்லை.

ஜூன் 27, வெள்ளி

காது மஞ்சளா இருக்கு. உள்பக்கம் ரோஸா இருக்குமே, அது மஞ்சள். கண்ணோட வெள்ளையும். தூக்கினா துணி மாதிரி தொங்குறா. எச்சில் வழியுது. ஐயோ நான் என்ன பண்ணிட்டேன் – ஆட்டோ வந்துட்டுது –

ஜூன் 28, சனி

ஊசி கிளினிக்கில் இருக்கிறாள். குளுக்கோஸ் ஏறுகிறது.

நேற்று டாக்டர் வரலட்சுமி என்னைத் திட்டவில்லை. திட்டியிருக்கலாம். "எத்தன நாளா சாப்பிடல?" என்று மட்டும் கேட்டார். சொன்னேன். கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

"நாய் ரெண்டு நாள் சாப்பிடலன்னா ஓரளவு சமாளிச்சுக்கும். பூனை அப்படி இல்லம்மா, அதுவும் குண்டுப் பூனை. சாப்பாடு நின்னா ஒடம்புல இருக்கிற கொழுப்பெல்லாம் ஒரேயடியா ஈரலுக்கு வந்து சேரும். ஈரலால தாங்க முடியாது. அன்னிக்கே சொன்னேனே, திடீர்னு மாத்தாதீங்க, பட்டினி மட்டும் போட்டுறாதீங்கன்னு."

சொல்லித்தான் இருப்பார். எடையைச் சொன்னதுமே நான்தான் காதை மூடிக்கொண்டேனே.

"பொழைப்பாளா?"

"சாப்பாடு உள்ள போகணும். போச்சுன்னா பொழைப்பா. அதான் வைத்தியம்."

கூட வந்த அம்மா சுவர் ஓரமாக நின்றிருந்தாள்.

ஜூலை 1

மூக்கு வழியாக மெல்லிய குழாய் விட்டு, கூழ் போலக் கரைத்த உணவைக் கொடுக்கிறார்கள். அலுவலகத்திலிருந்து நேராக அங்கே போனேன். கழுத்தில் ஒரு பிளாஸ்டிக் கூம்பு. என்னைப் பார்த்ததும் வால் நுனி மட்டும் அசைந்தது. இதற்குக்கூட எனக்குத் தகுதி இல்லை.

ஜூலை 4, வெள்ளி

வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். குழாயை எடுத்தாயிற்று. ஆனால் தானாகச் சாப்பிடுகிறவரை முனை ஊசி கழற்றிய சிரிஞ்சில் கொஞ்சம் கொஞ்சமாக வாயோரம் புகட்ட வேண்டும். இப்போதைக்கு எடை குறைப்பு என்ற பேச்சே கூடாது என்று டாக்டர் இரண்டு முறை சொன்னார். இரண்டு முறையும் கேட்டேன்.

ஜோபின் துண்டில் சுற்றிப் பிடித்தார். நான் சிரிஞ்சை வேகமாக அழுத்தி எல்லாவற்றையும் ஊசியின் கழுத்தில் ஊற்றிவிட்டேன். அம்மா அடுக்களையிலிருந்து வந்தாள். "தள்ளு. சிரிஞ்ச நான் பிடிக்கேன். நீ தலையத் தாங்கு."

சொட்டுச் சொட்டாக விட்டாள். ஊசி விழுங்கும் வரை பொறுத்து, அடுத்த சொட்டு. இவ்வளவு பொறுமை அம்மாவிடம் எங்கே இருந்தது?

ஜூலை 6, ஞாயிறு

அம்மா கோயிலுக்குப் போகவில்லை. "பூசை எங்கயும் போவாது, இதுக்கு நேரத்துக்குக் குடுக்கணும்லா" என்றாள். புகட்டி முடித்து, ஈரத்துணியால் ஊசியின் தாடையைத் துடைத்துக்கொண்டே, என்னைப் பார்க்காமல் சொன்னாள்:

"திங்காம கெடந்தா கொழுப்பு கரையும்னுதான் நான் நெனச்சேன்."

"நானும்தாம்மா நெனச்சேன்."

"நீ எங்கிட்டதான படிச்ச." துணியைப் பிழிந்தாள். "ஒன்னையும் அப்படித்தான போட்டேன். கோயில்ல விழுந்தியே. அன்னைக்கு ராத்திரி ஒங்கப்பா எங்கூடப் பேசல."

இருபது வருஷமாக இதைத்தான் அவள் வாயால் கேட்கக் காத்திருந்தேன். கேட்டதும், அம்மாவுக்கு வயதாகிவிட்டது என்பது மட்டும்தான் தோன்றியது.

ஜூலை 9, புதன்

சாப்பிட்டாள்!

கெங்கம்மா காலையில் நெத்திலி கொண்டு வந்தாள். "உப்பு கிப்பு போடாம சும்மா அவிச்சு மூக்காண்ட காட்டு பாப்பா. மீன் வாசனைக்கு வராத பூன எங்க கீது?" காசு வாங்கவில்லை. அவித்து, ஆறவைத்து, தட்டைத் தரையில் வைத்துவிட்டு மூன்று பேரும் அடுக்களை வாசலில் நின்றோம். ஊசி நீண்ட நேரம் மோந்துகொண்டே இருந்தாள். பிறகு ஒன்றை நக்கினாள். கடித்தாள். அந்தக் கறுக் முறுக் சத்தம்.

ஜோபின் என் தோளைப் பிடித்துக்கொண்டார். அம்மா "ஸ்தோத்திரம்" என்றாள். நான் குளியலறைக்குப் போய் அழுதேன். அலுவலகத்துக்குத் தாமதம். போகட்டும்.

ஜூலை 20

காதைத் தினமும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கிறேன். ரோஸ்.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

ரத்தப் பரிசோதனை நன்றாக வந்துவிட்டது. எடை ஆறு கிலோ அறுநூறு, நோயில் குறைந்தது. இப்போது முறையாக ஆரம்பிக்கலாம் என்றார் டாக்டர். இம்முறை கேட்டுக்கொண்டேன், எல்லாவற்றையும்.

அவசரமே கூடாது. மாதத்துக்குக் கால் கிலோ குறைந்தால் அதிகம். தீனியைக் கண்ணளவில் கொட்டாமல் நிறுத்துப் போட வேண்டும். ஒரே நேரத்தில் வைக்காமல் பிரித்துப் பிரித்து. புதுத் தீனி என்றால் பழையதோடு கலந்து மெதுவாக மாற்ற வேண்டும். தின்ன வைப்பது போலவே ஓட வைப்பதும் முக்கியம். ஒரு நாள் முழுக்கச் சாப்பிடாவிட்டால் உடனே கூப்பிட வேண்டும்.

"குறைக்கிறது வேற, பட்டினி போடுறது வேற" என்றார். அம்மா தலையை ஆட்டிக்கொண்டே இருந்தாள்.

ஆகஸ்ட் 17

ஜோபின் கடையிலிருந்து ஒரு முழம் நைலான் கயிறு கொண்டு வந்தார். நுனியில் முடிச்சுப் போட்டு ஹாலில் இழுக்கிறார். ஊசி முதலில் படுத்தபடியே கையை நீட்டிப் பார்த்தாள். பிறகு நாலு எட்டு ஓடினாள். மூச்சு வாங்கிப் படுத்துவிட்டாள். ஜோபினுக்கும் மூச்சு வாங்கியது.

செப்டம்பர் 14, ஞாயிறு

எடை இறங்கவே இல்லை. நிறுத்துத்தானே போடுகிறேன்? ஜோபின் மேல் சந்தேகப்பட்டேன், அம்மா மேலும் சந்தேகப்பட்டேன். அவள் ஷிபின் வீட்டுக்குத் திரும்பியே மூன்று வாரம் ஆகிறது.

இன்று படிக்கட்டில் கையும் களவுமாகப் பிடித்தேன். கெங்கம்மா முன்னால் ஊசி, ஊசி முன்னால் ஒரு குவியல் மீன் தலை.

"கெங்கம்மா, தினமுமா?"

"அது கத்துது பாப்பா. நான் இன்னா பண்ண? சாவ இருந்த உசுரு. வேணாம்னு சொல்ல மனசு வர்ல."

அவளை என்ன திட்ட. எனக்கும் அதே மனசுதானே, ஏழு கிலோவாக்கியது அந்த மனசுதானே. உட்கார்ந்து பேசினோம். ஒரு நெத்திலி போடலாம், ஒன்றே ஒன்று, அதையும் என்னிடம் சொல்லிவிட்டு. நான் தட்டில் அதைக் கழித்துக்கொள்வேன்.

"ஒண்ணா? கண்டிசனா கீறியே" என்றாள். ஆனாலும் ஒத்துக்கொண்டாள்.

செப்டம்பர் 28

இறங்குகிறது. கெங்கம்மா ஒற்றை நெத்திலியை வாலைப் பிடித்துத் தூக்கி, "ஒண்ணே ஒண்ணு, இந்தா, உங்கம்மா பாத்துகினு கீது" என்று போடுகிறாள். ஊசி என்னை முறைக்கிறாள்.

நவம்பர் 2, ஞாயிறு

மதியம் ஜன்னலோரம் வெயிலில் உட்கார்ந்து, பின்காலை மேலே தூக்கி, முதுகைத் திருப்பி, வாலடியை நக்கிக்கொண்டிருந்தாள். தானாக. வெகு நேரம், ஒரு முடி விடாமல். கண்டெய்னர் லாரிகள் கீழே ஹாரன் அடித்துக்கொண்டே போயின, அவள் நிமிரவில்லை. நான் துணி மடிப்பதை விட்டுவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தேன். விலாவில் கைவைத்தேன். மெத்தைக்கு அடியில் எங்கோ, மெல்லிசாக, எலும்பு.

டிசம்பர் 20, சனி

ஐந்து கிலோ தொள்ளாயிரம். இன்னும் கொஞ்சம் போக வேண்டும், ஆனால் இனி மூன்று மாதத்துக்கு ஒரு முறை வந்தால் போதும் என்றார் டாக்டர். திருவொற்றியூரிலிருந்து அம்மாவும் நேராக கிளினிக்குக்கு வந்துவிட்டாள். எடை மெஷினை என்னை முந்திக்கொண்டு அவள்தான் எட்டிப் பார்த்தாள்.

திரும்பும்போது மழை பிடித்துக்கொண்டது. ராயபுரம் பாலத்துக்குப் பக்கத்தில் ஆட்டோவை நிறுத்தி பர்மா அத்தோ விற்கும் ஒரு கடைக்குள் ஒதுங்கினோம். பூண்டு வதங்கும் வாசனை. அம்மா அதுவரை அத்தோ சாப்பிட்டதில்லை. கடைக்காரர் நூடுல்ஸையும் கோஸையும் வெங்காயத்தையும் கையால் பிசைவதை உற்றுப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "ரெண்டு தட்டுப் போடுங்க, ரெண்டும் முழுசா" என்றாள்.

புளிப்பும் காரமும் நாக்கில் ஏற, வாழைத்தண்டு சூப்பைக் குடித்துக் குடித்துச் சாப்பிட்டோம். என் தட்டு காலியானதும், "இன்னொண்ணு சொல்லட்டா?" என்றாள்.

அவள் முகத்தைப் பார்த்தேன். முகத்தில் குத்தல் எதுவும் இல்லை. உதட்டோரம் வறுத்த வெங்காயத் துணுக்கு ஒன்று மட்டும் ஒட்டியிருந்தது.

"முழுசு வேண்டாம்மா. பாதி போதும்."

"அப்ப சொல்லு. மீதிய நான் திங்கேன்."

பெஞ்சுக்கு அடியில், கூடைக்குள்ளிருந்து ஊசி கடை முழுக்கக் கேட்கும்படி கத்திக்கொண்டிருந்தாள்.