ஆட்டுப்பாறை ஏற்றமும் மூன்றாம் நிபந்தனையும்

09.09.2025, செவ்வாய்

1. சூசைமாணிக்கம் மகன், திண்டுக்கல் நகரில் குடியிருக்கும், வயது ஐம்பத்து நான்கு ஆகிய மரியசெல்வம் என்னும் நான், இருபத்தெட்டு ஆண்டுகளாக உரிமையியல் வழக்குகள் நடத்திவரும் வழக்கறிஞர்.

2. இந்த நோட்டில் எழுதுபவனும் படிப்பவனும் நான் மட்டுமே. ஆகவே இதில் பொய் சொல்லி ஆதாயம் அடையக்கூடிய தரப்பு எதுவும் இல்லை.

3. இடது காறை எலும்பு கூடிவிட்டதாக டாக்டர் இன்று சொன்னார். சைக்கிள் ஓட்டலாமா என்றேன். சமதளத்தில் ஓட்டலாம் என்றார். மலையைப் பற்றி நான் கேட்கவில்லை. கேட்காத கேள்விக்குத் தடை உத்தரவு வராது.

விழுந்தது ஜூன் பதினைந்தாம் தேதி, சிறுமலையில், பழைய காப்பித் தோட்டத்துச் சுவரை ஒட்டி மேலே போகும் ஆட்டுப்பாறைத் தடத்தில். மூன்றாவது கல்படியில் பெடல் சுற்ற மறுத்தது, வண்டி நின்றது, நான் இடப்பக்கம் சாய்ந்தேன். போனில் சிக்னல் இல்லை. இரண்டு மணி பத்து நிமிடம் அங்கேயே கிடந்தேன். பலாப்பழச் சுமையோடு குதிரை ஓட்டி வந்த வீரன் என்பவர்தான் சுமையை இறக்கிவைத்துவிட்டு என்னை ஏற்றிக்கொண்டு வந்தார்.

மலர்விழி அதன் பிறகு மூன்று மாதமாக அதைப் பற்றி ஒரு வார்த்தையும் பேசவில்லை. என் மனைவி எலும்பு முறிவு வார்டில் நர்ஸ். பேசாமல் இருப்பது அவள் வழக்கமில்லை.

14.09.2025, ஞாயிறு

சர்ச்சில் பூசை முடிந்து வந்ததும் மலர்விழி பேசிவிட்டாள். இனிமேல் மலைக்குப் போகக்கூடாது; அந்த வண்டியை யாருக்காவது கொடுத்துவிட வேண்டும். ஒரே ஒரு வாய்ப்பு கொடு என்றேன். "என்னமோ பண்ணுங்க" என்றாள்.

அதைக் கொள்கையளவிலான சம்மதம் என்று எடுத்துக்கொண்டு ஒப்பந்தம் எழுதினேன். ஒன்று: 31.01.2026-க்குள் ஆட்டுப்பாறை ஏற்றத்தில் ஒரு முறை மட்டும் முயல்வேன். இரண்டு: சுவர் முடியும் இடத்திலிருந்து பாறையின் தலை வரை, ஏறத்தாழ அறுநூறு மீட்டர், தரையில் கால் ஊன்றாமல் ஏறுவேன். மூன்று: சைக்கிள் இன்றுள்ள நிலையிலேயே இருக்கும், எந்தப் பாகத்தையும் சேர்க்கவோ நீக்கவோ மாற்றவோ மாட்டேன். நான்கு: தோற்றால் வண்டியைக் கொடுத்துவிட்டு மலையை மறப்பேன், ஜெயித்தால் இரண்டாம் தரப்பினர் இனி இதைப் பேசமாட்டார்.

மூன்றாவதை அவள் கேட்கவில்லை. எந்தச் சந்தும் இருக்கக்கூடாது என்று நானே சேர்த்தேன். தொழில் பழக்கம். மலர் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள். கையைத் துடைத்துவிட்டுக் கையெழுத்துப் போட்டாள். சாட்சிக் கையெழுத்து என் குமாஸ்தா சுருளிவேல்.

21.09.2025, ஞாயிறு

பேகம்பூரில் ஜமால் முகமதுவின் சைக்கிள் கடை. ஏழு வருடமாக என் வண்டியைத் தொட்டவர் அவர் ஒருவரே. விழுந்த கதையை முதலிலிருந்து சொல்லச் சொன்னார். வழக்கு விவரம் கேட்கும் சீனியரைப் போலக் குறுக்கிடாமல் கேட்டார். பிறகு கீழே உட்கார்ந்து பல்லை எண்ணினார். பெடலோடு சுற்றும் முன் பல்சக்கரத்தில் முப்பத்திரண்டு. பின்சக்கரத்தின் பல்சக்கர அடுக்கான கேசட்டில் ஆகப் பெரியதில் நாற்பத்திரண்டு.

"வக்கீல் சார், நீங்க வழுக்கி விழல. கியரு பத்தாம நின்னு விழுந்துருக்கீக. இது ரோட்டு மேட்டுக்குச் சரி. கல்லுப்படியில இதை மிதிக்க இருவத்தஞ்சு வயசு முட்டி வேணும்."

முன்னால் பல்லைக் குறைக்க வேண்டும், அல்லது பின்னால் கூட்ட வேண்டும், அல்லது இரண்டும். அரை மணி நேர வேலை என்றார்.

மூன்றாவது நிபந்தனையைச் சொன்னேன். யார் எழுதியது என்று கேட்டார். நான்தான் என்றேன். எழுந்து டீ சொல்லப் போனார்.

22.09.2025

முப்பத்திரண்டை நாற்பத்திரண்டால் வகுத்தால் 0.76; பெடல் ஒரு சுற்றுக்குப் பின்சக்கரம் முக்கால் சுற்று, இது குறையக் குறைய மிதி லேசாகும். மூன்று முறை வகுத்தேன்.

05.10.2025, ஞாயிறு

சாணார்பட்டி சாலைக்கு அப்பால், கைவிட்ட கல்குவாரிச் சரிவில் பயிற்சி. எட்டு முறை முயன்றேன். எட்டு முறையும் நின்றேன். ஒவ்வொரு மிதியும் வலது முட்டிக்குள் எதையோ திருகுகிறது. வீட்டுக்கு வந்து வாசற்படியில் உட்கார்ந்து ஷூவைக் கழற்றக் கால் மணி நேரம் ஆயிற்று.

16.10.2025, வியாழன்

குஜிலியம்பாறைப் பங்காளிகளின் கிணற்றுத் தண்ணீர் முறை வழக்கில் இன்று வாதம் முடிந்தது. யாருக்கு எந்த நாள் தண்ணீர் என்று பிரதிவாதி தாமே எழுதிக் கையெழுத்திட்ட முறைப்பத்திரம். இன்று அது தமக்குப் பொருந்தவில்லை என்று சொல்ல முடியாது. சொன்னால் எழுத்துக்கு மதிப்பே இல்லாமல் போகும் என்று நாற்பது நிமிடம் பேசினேன். நன்றாகத்தான் பேசினேன். பேசி முடித்து உட்காரும்போது மேசையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

20.10.2025

தீபாவளி விடுமுறை. மழை. வண்டிக்குச் சங்கிலி எண்ணெய் மட்டும் போட்டேன்.

07.11.2025, வெள்ளி

கியர் பத்தாத விஷயம் சுருளிவேலுக்குத் தெரிந்துவிட்டது. மதியம் கேஸ் கட்டுகளைக் கட்டிக்கொண்டே சொன்னார்: "சார், அந்தப் பத்திரத்துக்குச் சாட்சி நான் ஒருத்தன்தான. பல்ல மாத்துங்க. நான் ஒன்னும் பாக்கல. அம்மாவுக்கு முப்பத்திரண்டு எது முப்பது எதுன்னு தெரியவா போகுது?"

தெரியாதுதான். அதனால்தான் செய்ய முடியாது. இதை அவருக்கு எப்படி விளக்குவது? இருபத்தெட்டு வருடத்தில் எத்தனையோ பேர் இதே யோசனையோடு இதே நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார்கள். அவர்களிடம் சொன்னதையே சொன்னேன். சொல்லும்போது அலுப்பாக இருந்தது. என் குரலைக் கேட்டே எனக்கு அலுப்பு.

மலரிடம் போய்க் கேட்கலாம். இரு தரப்பும் சம்மதித்தால் எந்த ஒப்பந்தத்தையும் திருத்தலாம். முதல் ஆண்டு மாணவனுக்கும் தெரிந்த சட்டம். பிறகு ஏன் கேட்கவில்லை? கேட்டால், 'அப்ப அன்னைக்கே அந்த வண்டியில ஏற முடியாதுன்னு தெரியாமத்தான் ஏறுனீங்களா' என்று கேட்பாள். ஆமாம் என்று சொல்ல வேண்டியிருக்கும்.

16.11.2025, ஞாயிறு

குவாரியில் பதினொன்று. பதினொன்றும் தோல்வி. வரும் வழியில் நாலு இடத்தில் இறங்கி நடந்தேன்.

23.11.2025, ஞாயிறு

வாசற்படியில் உட்கார்ந்து ஷூவைக் கழற்றிக்கொண்டிருந்தேன். மலர் பின்னால் வந்து நின்றது தெரியாது. முட்டியை அழுத்திப் பார்த்தாள், வார்டில் பார்ப்பது போல, என் முகத்தைப் பார்க்காமல். எவ்வளவு நாளாக என்று கேட்டாள். சொன்னேன். கியர், பல், கல்குவாரி எல்லாம் சொன்னேன். உள்ளே போய்ப் பத்திரத்தை எடுத்துவந்து படித்தாள். படித்தாள் என்பதைக் குறித்துக்கொள்கிறேன், அன்று படிக்கவில்லையாம்.

"மூணாவது நான் சொன்னதா?"

இல்லை என்றேன்.

"நீங்க எழுதுனதுல நீங்களே மாட்டிக்கிட்டு, ரெண்டு மாசமா முட்டியக் கெடுத்துக்கிட்டு... ஏங்க, வாயத் தொறந்து ஒரு வார்த்த கேட்டா என்ன? கோர்ட்ல அம்புட்டு பேசுறீங்க."

வெட்கமா இருந்துச்சு மலர், அம்புட்டுதான் — இதை நோட்டில்தான் எழுத முடிகிறது.

பேனாவை வாங்கி மூன்றாவதை அவளே அடித்தாள். ஓரத்தில் இருவரும் சுருக்கொப்பம் இட்டோம். "அப்ப நானும் ஒன்னு எழுதுவேன்" என்று கீழே தன் கையால் எழுதினாள்: ஏறும் அன்று நான் அங்கே இருப்பேன். எண் போடவில்லை. முற்றுப்புள்ளியும் இல்லை.

30.11.2025, ஞாயிறு

ஜமால் பாய் கடையில் காலை முழுவதும். பின்கேசட்டில் பெரிய பல்சக்கரம் நாற்பத்தாறு. அதற்கேற்பச் சங்கிலி நீளம்; சங்கிலியைப் பல்லுக்குப் பல் தள்ளும் டெரைலரும் புதிது. இதில் தகராறு இல்லை. முன்னால் எத்தனை என்பதில்தான் வாதம். கணக்குப்படி இருபத்தெட்டு போட்டால் 0.61, முப்பது போட்டால் 0.65. மிதி லேசானதே நல்லது, இருபத்தெட்டே இருக்கட்டும் என்றேன்.

"லேசா இருந்தா ஏறிடலாம்னு எல்லாரும் நெனைக்கிறது சார். ரொம்ப லேசாப் போச்சுன்னா காலு சுத்தும், வண்டி நகராது. நகராத வண்டி நேரா நிக்காது, சாஞ்சிரும். ஓட்டிப் பாத்துட்டு வாங்க, ரெண்டும் என்கிட்ட கிடக்கு."

07.12.2025, ஞாயிறு

இருபத்தெட்டோடு குவாரி. முட்டி வலிக்கவில்லை, ஆனால் ஒரு மிதிக்கு முன்சக்கரம் தூக்கிக்கொள்கிறது, அடுத்த மிதிக்குப் பின்சக்கரம் சரளையில் வழுக்கிச் சுற்றுகிறது. நடப்பதைவிட மெதுவாகப் போகும் வண்டியை நேராகப் பிடிக்க எனக்குத் தெரியவில்லை. ஆறில் நான்கு தோல்வி. பாய் சொன்னது சரி.

14.12.2025, ஞாயிறு

முப்பது. இருக்கையின் முன்மூக்கில் உட்கார்ந்து, மார்பைத் தாழ்த்தி, அவசரப்படாமல். ஆறில் ஐந்து ஏறினேன். வலி இருக்கிறது, தாங்கக்கூடிய வலி. முப்பதுக்கு நாற்பத்தாறு என்று முடிவு செய்யப்பட்டது. இதற்கு மேல் யோசிக்கத் தெம்பில்லை.

25.12.2025

கிறிஸ்துமஸ். மலருக்கு இரவுப் பணி முடிந்து காலையில்தான் வீடு. இருவரும் மாலை நான்கு வரை தூங்கினோம்.

10.01.2026, இரண்டாம் சனி

நீதிமன்றம் இல்லை. ஜமால் பாயின் நண்பருடைய சரக்கு வேனில் பாய், மலர், நான் மூவரும் சிறுமலைக்குப் போனோம். வளைவுகளில் மலர் கம்பியைப் பிடித்துக்கொண்டு வந்தாள். சுவர் முடியும் இடத்தில் எலுமிச்சை சாதப் பாத்திரத்தோடு உட்கார்ந்தாள். தடம் அங்கிருந்து நேரே போய், வளைந்து, அவள் தலைக்கு மேலேயே திரும்பி வரும். மூன்றாவது படி அவளுக்கு நேர் மேலே. ஆனால் புதர் மறைக்கும்.

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். முதலிலிருந்தே ஆக லேசான கியர். முதல் படியும் இரண்டாவது படியும் கடந்தேன். சரளை வளைவில் பின்சக்கரம் ஒரு முறை வழுக்கிப் பிடித்துக்கொண்டது. மூன்றாவது படியில் முன்சக்கரம் ஏறிவிட்டது. பின்சக்கரம் ஏறும்போது வலது பெடல் கல்லில் இடித்தது. இடது கால் தரையில் பட்டது. ஒரு நொடி, அதற்கும் குறைவு. தள்ளிக்கொண்டு மறுபடி மிதித்தேன். வேர்கள், கடைசி மேடு, பாறையின் தலை.

மேலே யாருமில்லை. கீழே திண்டுக்கல் சமவெளி வெயிலில் வெளுத்துக் கிடந்தது. அங்கே உட்கார்ந்து ஒன்றை மட்டும் யோசித்தேன்: பார்த்த சாட்சி இல்லை. பெடல் இடித்த கல்லுக்கும் எனக்கும் மட்டுமே தெரியும். இரண்டு நிமிடத்துக்கு மேல் யோசித்தேன் என்பதையும் எழுதிவைக்கிறேன்.

இறங்கி வந்தேன். ஆச்சா சார் என்று ஜமால் பாய் கேட்டார். மூன்றாவது படியில் இடது கால் ஊன்றினேன், நான்காவது நிபந்தனைப்படி தோற்றேன் என்றேன். பாய் வண்டியைப் பார்க்கக் குனிந்துகொண்டார்.

மலர் பாத்திரத்தைத் திறந்துகொண்டே சொன்னாள்: "தெரியும். சங்கிலிச் சத்தம் கேட்டுக்கிட்டே இருந்துச்சு, டக்குன்னு நின்னுச்சு. மூச்சப் பிடிச்சுக்கிட்டு எந்திரிச்சிட்டேன். திரும்பக் கேட்டுச்சு. அப்புறந்தான் உக்காந்தேன்."

ஒப்பந்தப்படி வண்டியை, என்று ஆரம்பித்தேன்.

"கால் ஊனக்கூடாதுன்னு நான் சொன்னேனாங்க? அதுவும் நீங்க எழுதுனது. ரெண்டு மணி நேரம் ஒத்தையில கிடந்தீங்க. அதுக்குத்தான் நான் பயந்தேன். வார்டுல தெனம் பாக்குறேன், அடிபட்டுச் செத்தவுகளவிட, யாரும் வராமச் செத்தவுக ஜாஸ்தி. அதுக்கு ஒரு வரி எழுதுனீங்களா?"

நான்கு நிபந்தனைகளையும் மனத்துக்குள் வரிவரியாகப் படித்துப் பார்த்தேன். இல்லை.

"சாப்பிடுங்க. பாய், நீங்களும் வாங்க."

18.01.2026, ஞாயிறு

14.09.2025 தேதிய ஒப்பந்தம் இன்று ரத்தாகிறது. அதற்குப் பதிலாக:

1. சைக்கிள் முன்னால் முப்பது, பின்னால் நாற்பத்தாறு பல்லோடு முதல் தரப்பினரிடமே இருக்கும்.

2. ஏற்றத்தில் எங்கும், எத்தனை முறையும் கால் ஊன்றலாம். அது தோல்வி ஆகாது.

3. முதல் தரப்பினர் ~~இயன்றவரை~~ மலைக்குத் தனியே செல்லமாட்டார். கூப்பிட்டால் கேட்கும் தூரத்தில் ஒருவர் இருப்பார்.

இம்முறை இரண்டாம் தரப்பினர் கையெழுத்திடும் முன் முழுவதையும் இரண்டு முறை படித்தார். மூன்றாவதில் ஒரு சொல்லை அடித்தார். அது ஏன் அங்கே இருந்தது என்று கேட்கவில்லை, என்னைப் பார்த்தார். ஓரத்தில் இருவரும் சுருக்கொப்பம் இட்டோம்.

(ஒப்பம்) சூ. மரியசெல்வம்
(ஒப்பம்) ம. மலர்விழி

சாட்சிகள்:
1. ஜமால் முகமது, சைக்கிள் கடை, பேகம்பூர் (வெள்ளி தவிர மற்ற நாளில் கடை உண்டு, ஆகவே வெள்ளிக்கிழமைகளில், நீதிமன்ற நேரத்துக்கு முன், உடன் வருபவர்)
2. சுருளிவேல், வழக்கறிஞர் குமாஸ்தா (ஞாயிறுகளில்; மொபெட்டில், சுவர் வரை மட்டும்)