முப்பது நோன்பும் பிடித்த பிள்ளை

தெஹியோவிட்ட
2025 ஏப்ரல் 5

மகள் பஸீஹாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். ஃபோனில் நீ குறுக்கே விழுந்து பேசுவாய், அதனால் எழுதுகிறேன். இங்கே மழை, ரப்பர் பால் வெட்டு இல்லை, கடையிலும் ஆள் இல்லை.

பெருநாளுக்கு வந்த எல்லோரிடமும், "என்ட நுஸ்கா முப்பது நோன்பும் விடாம பிடிச்சாள்" என்று பெருமையடித்தாய். பதினேழு வயதுக் குமர்ப்பிள்ளை எப்படி முப்பதும் பிடிப்பாள்? மாதவிடாய் நாளில் நோன்பு கிடையாதே. பெற்றவளுக்கு அது தோன்றவில்லையா? பிள்ளையைக் கட்டிப்பிடித்தேன், முதுகெலும்பு கையில் இடித்தது. கன்னமெல்லாம் பூனைமயிர். வெயிலிலும் ஸ்வெட்டர். டொக்டரிடம் காட்டு.

உம்மா லதீபா

எஹலியகொட
2025 ஏப்ரல் 12

உம்மா,

வஅலைக்கும் ஸலாம். பிள்ளை மெலிந்து வடிவாக இருக்கிறாள் என்று ஊரே சொல்கிறது. நீங்கள் மட்டும்தான் குறை கண்டீர்கள். என் கலியாணத்தன்றும் நான் குண்டு என்று சபையில் சொன்னவர்தானே.

பஸீஹா

தெஹியோவிட்ட
2026 பெப்ரவரி 10

பஸீஹா,

நுஸ்கா வகுப்பில் மயங்கி விழுந்த பிறகுதானே கிளினிக்குக்குக் கொண்டுபோனாய். லேடி டொக்டர் சொன்னபோது நானும் பக்கத்தில் இருந்தேன். "பட்டினியால மூளையே சுருங்கியிருக்கு. மாதவிடாய்க்கு ஹோர்மோன் சுரக்கச் சொல்றதும் மூளைதான், அத நிப்பாட்டிட்டுது. ஒழுங்கா சாப்பிட்டா திரும்பி வரும். சாப்பாட்டுப் பயம்தான் கடைசியாப் போகும். பட்டினி போட்டா நோய் திரும்பவும் தொடங்கும், நோன்பு வேணாம்." நீயும் தலையாட்டினாய்.

இப்போது கன்னத்தில் கொஞ்சம் சதை பிடித்ததும், இம்முறை நோன்பு பிடிக்கட்டும் என்கிறாயாமே. நோயாளிக்கு விலக்கு உண்டு என்று பள்ளிவாசல் லெப்பையும் சொன்னார். பிள்ளையை இங்கே அனுப்பு.

லதீபா

எஹலியகொட
2026 பெப்ரவரி 22

உம்மா,

அவளே ஆசைப்பட்டுப் பிடிக்கிறாள். பெண் கேட்டு வருகிறவர்களிடம், மகளுக்கு மூளையில் வருத்தம் என்று சொல்லச் சொல்கிறீர்களா? எங்கள் வீட்டு விசயத்தில் தலையிடாதீர்கள்.

பஸீஹா

தெஹியோவிட்ட
2026 மார்ச் 26

பஸீஹா,

நோன்பு முடியுமுன்னே நுஸ்கா தானாக பஸ் ஏறி வந்தாள், நான் கூப்பிடவில்லை. "உம்மும்மா, நோன்பு திறக்கிற நேரமும் சாப்பிட ஏலாம இருக்கு. தலைக்குள்ள வேணாம் வேணாம்னு சொல்லுது" என்றாள்.

பகலில் கதவைச் சாத்திச் சோறு வைத்தேன். தனியே தின்ன மாட்டேன் என்றாள். சீனி வருத்தத்துக்கு டொக்டர் நோன்பை விடச் சொல்லியும் விடாதவள் நான். அன்று எதிரே உட்கார்ந்து தின்றேன். அல்லாஹ்வுக்கு நான் பதில் சொல்லிக்கொள்கிறேன்.

மாதவிடாய் இன்னும் வரவில்லை. ஒரு பிடி கூடுதலாகத் தின்றால் அழுகிறாள், அழுதுகொண்டே தின்கிறாள்.

கூட்டிப்போக வராதே. உம்மாவைப் பார்க்க வேண்டும் என்று அவள் கேட்டால் எழுதுகிறேன். இதுவரை கேட்கவில்லை.

லதீபா