ஏ40 காரின் பின்சில்லு இரண்டும் உள்விளிம்புச் சிலுவையும்

அனுப்புநர்:
செபமாலை கனிசியஸ்,
கடற்கரை வீதி,
குருநகர், யாழ்ப்பாணம்.

பெறுநர்:
உதவிப் பொலிஸ் அத்தியட்சகர் அவர்கள்,
காங்கேசன்துறை.

விடயம்: அகலமான பின் ரயர் போடப் போய் எனது காரின் பழைய சில்லு இரண்டையும் இழந்தமை, அவற்றைக் கண்ட இடத்தில் நானே குற்றவாளியாகப் பதியப்பட்டமை, 13.09.2025இற்கு முன் உண்மையைப் பார்த்துத் தருமாறு கோரல்.

பெருமதிப்புக்குரிய ஐயா,

1. நான் எட்டாம் வகுப்போடு கடலுக்குப் போனவன். ஆகையால் இம்மனுவில் சட்டப்படி இருக்கவேண்டிய சொற்கள் இல்லாமலும் இருக்கவேண்டாத சொற்கள் கூடுதலாகவும் இருக்கும். எனக்கு ஒரு வள்ளமும், 1953ஆம் ஆண்டு ஒஸ்ரின் ஏ40 கார் ஒன்றும் உண்டு. இந்த இரண்டில் என்னை அதிகம் தத்தளிக்க வைத்தது எது என்று விசாரித்தால் கார் என்றே வாக்குமூலம் தருவேன்.

2. எங்கள் பகுதியில் மணப்பெண்ணைத் தேவாலயத்துக்கு ஏற்றிச் செல்வது பெரும்பாலும் இந்தக் கார்தான். ஓட்டுவது நான். என் மனைவி கிறிஸ்ரினாவும் மணப்பெண்ணாக இதில்தான் வந்து இறங்கினார். எங்கள் ஒரே மகள் ஷெரோனுக்கு வரும் செப்ரெம்பர் 13ஆம் திகதி, சனிக்கிழமை, விவாகம். ஊரார் பெண்களையெல்லாம் ஏற்றி இறக்கியவன் தன் மகளை வேறொருவனுடைய வாகனத்தில் அனுப்புவதா என்பதே இம்மனுவின் உள்ளடக்கம். மற்றவை எல்லாம் இதற்கு விளக்கம்.

3. கடந்த மே மாதம் ஒரு விவாகத்தில், மணப்பெண்ணும் தோழிமாரும் பெண்ணின் பெரியம்மாவும் பின்னால் ஏறியிருக்க, தேவாலயத்துக்குப் போகும் மணல் ஒழுங்கையில் பின்சில்லு புதைந்து சுழன்றது. மாப்பிள்ளை தேவாலயத்திலிருந்து வெளியே வந்து கோட்டுடன் தள்ளினார். அன்று முதல் எனக்கு வெளியில் தலைகாட்ட முடியவில்லை. அரியாலையில் கராஜ் வைத்திருக்கும் திரு. மார்க்கண்டுவிடம் போனேன். அவர் சொன்னதை அப்படியே தருகிறேன்: "அண்ணை, பின்னுக்கு மட்டும் அகலமான ரயரைப் போடுங்கோ. மணலிலை கப்பல் மாதிரிப் போகும்." கப்பல் என்ற சொல்லில்தான் நான் விழுந்தேன். பின்பக்கம் அகலமான வள்ளம் தளம்பாது என்பது எனக்குத் தெரிந்த ஒரே விஞ்ஞானம். காருக்கும் அதுவே செல்லும் என்று நினைத்தேன். வள்ளத்துக்குச் சில்லை மூடும் மட்காட் கிடையாது என்பது அந்த நேரத்தில் என் நினைவுக்கு வரவில்லை.

4. அகலமான ரயர் பழைய ரிம்மில் ஏறாது என்று அவர் வேறு ரிம் பூட்டினார். என் பழைய சில்லு இரண்டும் அவருடைய கராஜ் மூலையில் நின்றன. வெறும் கார் நன்றாகவே ஓடியது. வீட்டில் வைத்து மனைவியையும் அவருடைய சகோதரிமாரையும் பின்னால் ஏற்றிப் பரீட்சித்தபோது, கார் பதிந்து, ரயர் மட்காட்டின் உட்புறத்தில் உரசிப் புகைந்தது. மனைவி கதவைத் திறந்துகொண்டு கேட்டார்: "இஞ்சருங்கோ, ரயர் எரியுதோ, உங்கடை மூளை எரியுதோ?" மறுவாரம் போக்குவரத்துப் பொலிஸார் மறித்து, ரயர் வெளியில் துருத்துகிறது, பழைய சில்லைப் பூட்டிக் கொண்டுவந்து காட்டும் வரை இந்தக் கார் வீதிக்கு வரக்கூடாது என்றார்கள். அவர்கள் சொன்னது முழுக்கச் சரி. அவர்கள்மேல் எனக்கு எந்தக் குறையும் இல்லை.

5. பழைய சில்லைக் கேட்டு மார்க்கண்டுவிடம் போனபோது அவர் என் முகத்தைப் பார்க்காமல் ஒரு நட்டைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: "அது கறள் பிடிச்சு உதவாது அண்ணை. பழைய இரும்புக்காரரிட்டைப் போட்டாச்சு." அந்த நட்டு ஏற்கெனவே பளபளப்பாகத்தான் இருந்தது. என் சந்தேகம் அங்கே ஆரம்பிக்கிறது.

6. இங்கே ஒரு விடயத்தைத் தாங்கள் அறிய வேண்டும். எங்களிடம் புது வள்ளம் கடலில் இறங்குமுன் அதன் முன்முனையான அணியத்தில் ஒரு சிலுவை வரைவோம். கார் என் கைக்கு வந்தபோதும், சுவாமியார் மந்திரித்த பின், வள்ளத்துக்கு அடித்து மிஞ்சிய நீலப் பெயின்ரால் நாலு சில்லிலும் சிலுவை போட்டேன். ஆனால் சைவ வீட்டுக் கலியாணங்களுக்கும் இந்தக் கார் போகும். அவர்கள் சில்லுக்கு அடியில் தேசிக்காய் வைப்பார்கள், திருநீறு பூசுவார்கள். அதையும் நான் மறுப்பதில்லை. அவர்கள் மனம் சங்கடப்படக்கூடாது என்பதற்காகச் சிலுவையை ரிம்மின் உள்விளிம்பில், நிலத்தில் படுத்துப் பார்த்தால் மட்டும் தெரியும்படி போட்டேன். அந்த மரியாதைதான் இன்று எனக்கு வினையாகியிருக்கிறது.

7. இம்மாதம் 15ஆம் திகதி, வெள்ளிக்கிழமை, வள்ளத்து இயந்திரத்துக்கு ஒரு சாமான் பார்க்கத் தொண்டைமானாறு போனேன். அங்கே சந்நிதி முருகன் கோயில் பக்கம் போனால் அன்னதானம் சாப்பிடாமல் நான் திரும்புவதில்லை. பசிக்கு மதம் பார்க்கும் ஆள் நான் அல்ல. சாப்பிட்டு வெளியே வந்தபோது தெருவோரம் ஒரு ஏ40 நின்றது. முன்சில்லு இரண்டும் கறள். பின்சில்லு இரண்டுக்கும் புது வெள்ளிப் பெயின்ற். வலப்பக்கப் பின் ரிம்மின் ஓரத்தில், நான் காங்கேசன்துறை வீதியில் கல்லில் ஏற்றி நெளித்த அதே நெளிவு. உடனே படுத்துக் காருக்குக் கீழே போனேன். உள்விளிம்பில் சேறு அப்பியிருந்தது. மழையே இல்லாத இந்தக் காலத்தில், தார் வீதியில் நிற்கும் காருக்குச் சேறு எங்கிருந்து வந்தது, அதுவும் உட்பக்கத்தில் மட்டும் என்பதைத் தாங்கள் யோசிக்க வேண்டும். என் இடுப்பில் எப்போதும் இருக்கும் வலை அறுக்கும் கத்தியை எடுத்துச் சுரண்டினேன். நீலம் தெரிந்தது. சிலுவையின் ஒரு கை தெரிந்தது. மற்றக் கையைச் சுரண்டுமுன் யாரோ என் கால் இரண்டையும் பிடித்து வெளியே இழுத்தார்கள்.

8. இழுத்தவர் காரின் சொந்தக்காரர், தொண்டைமானாற்றைச் சேர்ந்த திரு. பிரகலாதன். "ஆர் ஐசே நீர்? காருக்குக் கீழை என்ன செய்யிறீர்?" என்று கேட்டார். நான் நிலத்தில் கிடந்தபடியே, "சிலுவை பாக்கிறன்" என்று உள்ளதைச் சொன்னேன். முருகன் வாசலில், கையில் கத்தியுடன், ஒருவருடைய காருக்கு அடியில் கிடந்துகொண்டு அப்படிச் சொன்னால் கேட்பவர்களுக்கு என்ன விளங்கும் என்பதை நான் முன்கூட்டி யோசிக்கவில்லை. ஒருவர், "உவர் ஆளை விட்டுட்டுக் காரைச் சமயம் மாத்த வந்திருக்கிறார்" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். உண்மையைச் சொன்னால், நிலைமை வேறாக இருந்திருந்தால் நானும் சிரித்திருப்பேன். வள்ளத்துப் பெயின்ரால் நான் போட்ட சிலுவைக் குறியைப் பற்றி விளக்கியபோது திரு. பிரகலாதன், "மாட்டுக்குத்தான் குறி சுடுறவை. உங்கடை ஊரிலை சில்லுக்குமோ?" என்றார். பின்னர், பிரேக் குழாயை அறுக்க முயன்றதாக என்மேல் முறைப்பாடு கொடுத்தார். என் கத்தியும் பொலிஸ் நிலையத்தில் உள்ளது. நான் அறுத்தது சேற்றை மட்டுமே.

9. திரு. பிரகலாதன் குற்றமற்றவராக இருக்கலாம். மார்க்கண்டுவிடம் நம்பி வாங்கியிருக்கலாம். ஆனால் மேற்படி சம்பவத்துக்கு மறுநாள் மார்க்கண்டு என் மனைவிக்குத் தொலைபேசி எடுத்து, "அக்கா, அண்ணையின்ரை வள்ளத்துக்கு என்ன நிறம் அடிச்சது?" என்று கேட்டிருக்கிறார். "நீலம். ஏன் தம்பி?" என்றதற்கு, "சும்மா கேட்டனான்" என்று வைத்துவிட்டார். கராஜ்காரர் ஒருவர் சும்மா இருக்கும் நேரத்தில் வள்ளத்தின் நிறத்தை விசாரிப்பது வழக்கமா? சேறு பூசியவர் அடுத்ததாகப் பெயின்ற் பூசமாட்டார் என்பதற்கு என்ன உத்தரவாதம்?

10. மகள் ஷெரோன், "அப்பா, எனக்கு ஓட்டோவும் காணும். நீங்கள் பொலிசுக்குப் போகாமல் நிண்டாலே பெரிய காரியம்" என்கிறாள். இதைச் சொல்லிவிட்டு வெளியே போய்ச் சீலையால் மூடியிருக்கும் காரைப் பார்த்துக்கொண்டு நின்றாள். நான் பார்ப்பது அவளுக்குத் தெரியாது. மாப்பிள்ளை வீட்டார் என்மேலுள்ள முறைப்பாட்டைப் பற்றி இதுவரை ஒன்றும் கேட்கவில்லை. கேட்காமல் இருப்பதும் எனக்குச் சந்தேகமாகவே இருக்கிறது.

11. ஆகவே ஐயா, நான் கோருவது: மேற்படி காரின் பின்சில்லு இரண்டையும் கழற்றி, உள்விளிம்பைக் கழுவிப் பார்க்க ஒரு உத்தியோகத்தரை அனுப்ப வேண்டும். ஒப்பிட்டுப் பார்க்க என் காரின் முன்சில்லு இரண்டும் இருக்கின்றன. அதே நீலத்தில் என் வள்ளமும் கரையில் இருக்கிறது. என் சிலுவை இருந்தால் என் சில்லை எனக்குத் தந்து, என்மேலுள்ள முறைப்பாட்டையும் தீர்த்துவைக்க வேண்டும். இல்லாவிட்டால், என்னைக் காருக்கு அடியிலிருந்து இழுத்தபோது நின்ற அத்தனை பேருக்கும் முன்னால் திரு. பிரகலாதனிடம் மன்னிப்புக் கேட்டு, மகளை ஓட்டோவில் ஏற்றி, பின்னால் சைக்கிளில் வருவேன்.

12. பார்ப்பவர் மார்க்கண்டுவாக இருக்கக்கூடாது. திரு. பிரகலாதனாகவும் இருக்கக்கூடாது. நானாகவும் இருக்கவேண்டாம். ஏனெனில் அன்று முதல் எனக்கு மினிபஸ் சில்லிலும் ஐஸ் லொறிச் சில்லிலும் நீலம் தெரிகிறது. நேற்று சுவாமியாருடைய மோட்டார் சைக்கிளையும் குனிந்து பார்த்துவிட்டேன். இந்த விடயத்தில் நான் என்னையே நம்பவில்லை. தங்களையே நம்புகிறேன்.

வரும் உத்தியோகத்தர் படுத்துப் பார்ப்பதற்குச் சாக்கு ஒன்று நானே கொண்டுவருவேன். அவ்விடத்தில் நெருஞ்சிமுள் உண்டு.

இடம்: குருநகர்
திகதி: 26.08.2025

தங்கள் நீதியை எதிர்பார்த்து நிற்கும்,
செ. கனிசியஸ்
(மணப்பெண்ணின் தகப்பன்)