ஒன்பதாம் நம்பர் காட்டுக்குக் கீழே ஒரு கல் பாலம்

என் தங்கமே, என் தம்பி முருகேசா,

நீ சொன்ன கல் பாலத்தைப் பார்த்துவிட்டேன்டா. நலமா என்று உன்னிடம் எப்படிக் கேட்பது? கேட்டால் யார் பதில் சொல்வது? அதனால் சேதியிலிருந்தே தொடங்குகிறேன்.

மூணாறு ஜீப் ஸ்டாண்டில் உனக்கு 'பாலம்' என்றுதானே பெயர்! வண்டி ஓட்ட வருவதற்கு முன்னால், எஸ்டேட்டில் கவாத்து வெட்டப் போன காலத்தில், ஒன்பதாம் நம்பர் தேயிலைக் காட்டில் நின்று அதைப் பார்த்ததாகச் சொன்னாய். ஆற்றோரம் பாறையே வளைந்து பாலமாக நிற்கிறது, அடியில் ஒரு ஜீப் நுழைந்து திரும்பலாம் என்றாய். சில வருஷத்துக்கு ஒரு தடவை தேயிலைச் செடியைக் குட்டையாகக் கவாத்து வெட்டும்போது நிழல் மரத்துக் கிளைகளையும் கழிப்பார்கள். அப்போது மட்டும்தான் அந்தப் பள்ளம் கண்ணுக்குத் தெரியும். மறு வருஷம் எல்லாம் தழைத்து மூடிக்கொண்டது. நீ கூட்டிப்போய்க் காட்டிய இடத்தில் பச்சையைத் தவிர ஒன்றும் இல்லை.

"லே பாலம், உன் பாலம் இன்னைக்கு எந்தப் பக்கம் நிக்கி?" என்று உன் கூட்டாளி கணேசன் கேட்காத நாள் உண்டா? நீயும் சேர்ந்து சிரிப்பாய். ஆனால் ஓய்வு கிடைத்தபோதெல்லாம் ஆற்றோரம் இறங்கித் தேடிக்கொண்டேதான் இருந்தாய். அடுத்த கவாத்து வரட்டும், மேலே நின்று இடத்தைக் குறித்துக்கொண்டு போகலாம் என்று உனக்குத் தோன்றவே இல்லையா? பொறுமை என்பது உனக்குப் பிறவியிலேயே கிடையாது.

உன் பெண்டாட்டி காய்ச்சலில் போன பிறகு நீ பேச்சைக் குறைத்துக்கொண்டாய். அது நம் லயத்து வீடுகளில் எல்லோருக்கும் தெரியும். அந்த வருஷமே, மழை விட்ட ஒரு ஞாயிற்றுக்கிழமை, நீ ஆற்றுக்குப் போனாய். ஜீப் மேலே ரோட்டில் நின்றது. கீழே ஒரு பெரிய பாறையடியில் உன் செருப்பு இரண்டும் ஒன்றை ஒன்று ஒட்டி ஜோடியாக இருந்தன. உன்னை வெகுதூரம் கீழே, தடுப்பணைப் பக்கம் எடுத்தார்கள். அதனால் அந்தப் பாறைக்கு அப்பால் போய்ப் பார்க்க யாருக்கும் தோன்றவில்லை.

அந்தச் செருப்புதான்டா உன்னை இரண்டாம் தடவை கொன்றது. "வழுக்கி விழுறவன் செருப்பக் கழட்டி அழகா வச்சுட்டா விழுவான்? பொண்டாட்டி போன எடத்துக்கே போயிட்டான்" என்று குழாயடியில் பேச்சியக்கா சொன்னாள். ஊர் வாயை உலைமூடியால் மூட முடியுமா? உன் மகள் மலர் காதிலும் விழுந்தது. அன்றிலிருந்து அந்தப் பிள்ளை 'அப்பா' என்ற சொல்லையே வாயில் எடுக்கவில்லை. பள்ளிக்கூடத்தில் கேட்டால், "எனக்கு அத்தைதான்" என்பாளாம்.

நான் நம்பினேனா? ஒரு நாள் நம்பினேன், ஒரு நாள் நம்பவில்லை. உன் படத்துக்கு விளக்கு ஏற்றும்போதே வாய்க்கு வந்தபடி திட்டினேன். "பெத்த பிள்ளைய எம் மடியில போட்டுட்டுப் போக உனக்கு என்னடா கேடு, பாவி?" உன் அத்தான் அடுப்படியிலிருந்து, "செத்தவனையாவது சும்மா விடேன்" என்பார். அவரையும் சேர்த்துத் திட்டுவேன்.

இந்தச் சித்திரையில் ஒன்பதாம் நம்பர் காட்டுக்கு மறுபடியும் கவாத்து வந்தது. ஆண்கள் வெட்டிப்போட்ட மிலாறுகளை விறகுக்குப் பொறுக்க நாங்கள் போயிருந்தோம். குனிந்து குனிந்து இடுப்பு விட்டுப்போனது. நிமிர்ந்து கீழே பார்த்தேன். கழித்துவிட்ட இரண்டு மரங்களுக்கு நடுவே, பள்ளத்தின் அடியில் கறுப்பாக ஒரு பாறை. அதன் நடுவில் ஊசிக் காது மாதிரி ஓர் ஓட்டை. ஓட்டைக்குள் தண்ணீர் மின்னியது.

"என்னத்தப் பாத்துட்டு நிக்க, லட்சுமி?" என்றாள் பேச்சியக்கா. கையை நீட்டிக் காட்டினேன். அவள் கண்ணைச் சுருக்கிப் பார்த்தாள். தலையிலிருந்த விறகுக் கட்டு கீழே விழுந்தது. "ஆத்தாடி! அந்தப் பய சொன்னதுல்லா அது!" என்றாள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை கணேசனைக் கூட்டிக்கொண்டு நீ இறங்கிய வழியிலேயே இறங்கினேன். "யக்கா, மெதுவா. பாசி கெடக்கு, காலு நிக்காது" என்று சொல்லிக்கொண்டே அவன் முன்னால் போனான். ஆற்றை ஒட்டி அந்தப் பெரிய பாறை வழியை மறித்துக்கொண்டு கிடக்கிறது. அதைச் சுற்றித்தான் போக வேண்டும். ரப்பர் செருப்போடு கால் வைத்தேன், வழுக்கியது. கழற்றிவிட்டு, இரண்டு கையையும் பாறையில் ஊன்றி ஏறினேன். எதற்கோ திரும்பிப் பார்த்தேன்.

என் செருப்பு இரண்டும் ஜோடியாக இருந்தன, முருகா.

அப்படி வைத்தது எனக்கே தெரியாது. செருப்பு கவிழ்ந்து கிடந்தால் வீட்டில் சண்டை வரும் என்று அம்மா நம் இரண்டு பேரையும் விளக்குமாற்றால் அடித்துப் பழக்கினாளே, அந்தப் பழக்கம். கை தானாகச் சேர்த்து வைத்திருக்கிறது. உன் கையும் அதைத்தான் செய்திருக்கும். திரும்பி வந்து போட்டுக்கொள்ளத்தான்டா நீ அதை வைத்துவிட்டுப் போனாய்.

ஈரப் பாறையிலேயே உட்கார்ந்து ஓவென்று அழுதேன். கணேசன் என் செருப்பைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். "இதே எடந்தான்க்கா. இங்கனதான் அவன் செருப்ப எடுத்தேன். எனக்கு ஏன்க்கா இது தோணல?" என்று சொல்லிவிட்டுத் துண்டால் முகத்தை மூடிக்கொண்டான்.

பாறையைச் சுற்றியதும் கல் பாலம் நின்றது. நீ சொன்னதில் ஒரு சொல்கூடப் புளுகு இல்லை. ஜீப் தாராளமாகத் திரும்பும். மேலே காட்டு வாழை முளைத்திருக்கிறது, அடியில் நின்றால் தண்ணீர்ச் சத்தம் சுற்றிச் சுற்றிக் கேட்கிறது. நீ அதைப் பார்த்தாயா? போகும்போது விழுந்தாயா, பார்த்துவிட்டுத் திரும்பும்போதா? பார்த்துவிட்டுத்தான் விழுந்தாய் என்று நினைக்க ஆசையாக இருக்கிறது. அந்தச் சந்தோஷத்தில் கால் பிசகியிருக்குமோ என்று நினைத்தால் அதையும் தாங்க முடியவில்லை.

பேச்சியக்கா எங்கள் வீட்டுக்கு வந்து மலர் முன்னால் உட்கார்ந்தாள். "என் நாக்கு அழுகிப் போகட்டும் தாயி. உங்கப்பன் உன்னைய விட்டுட்டுப் போகல" என்று தலையில் அடித்துக்கொண்டாள். மலர் அழவில்லை. பேச்சியக்கா போன பிறகு, சோற்றைப் பிசைந்துகொண்டே, "அத்தை, அப்பாவுக்கு நீச்சல் தெரியாதா?" என்று கேட்டாள். தெரியாது கண்ணு என்றேன். எத்தனை நாளுக்குப் பிறகு அந்த வாயில் 'அப்பா' வந்தது! என் தட்டை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டேன்.

ஊர் வாயை அடைத்தாயிற்று. என் நெஞ்சு குளிர வேண்டியதுதானே? குளிரவில்லையே. நீயாகப் போனாய் என்று இருந்தபோது உன்மேல் கோபமாவது இருந்தது. அதைப் பிடித்துக்கொண்டு எழுந்தேன், கொழுந்து கிள்ளினேன், சமைத்தேன். இப்போது அதுவும் இல்லை. தண்ணீருக்குள் கையைக் காலை அடித்திருப்பாய். வாழ எவ்வளவு ஆசைப்பட்டிருப்பாய்! கூப்பிட்டும் இருப்பாய். சின்ன வயசிலிருந்து எதற்கென்றாலும் அம்மாவைக்கூடக் கூப்பிட மாட்டாய், "யக்கா" என்றுதான் கத்துவாய். அன்றைக்கு நான் குழாயடியில் துணி துவைத்துக்கொண்டிருந்தேன். ஒன்றும் கேட்கவில்லைடா.

மலர் கொஞ்சம் வளரட்டும். தண்ணீர் வற்றிய கோடையில் நானே அவளைக் கூட்டிப்போய் உன் பாலத்தைக் காட்டுவேன். உன்னைப்பற்றி என்ன கேட்டாலும் ஒளிக்காமல் சொல்வேன். படிக்கப் போனாலும் கல்யாணம் கட்டிக்கொண்டு போனாலும், அவள் கூப்பிட்டால் கேட்கிற தூரத்தில்தான் இனி நான் இருப்பேன்.

நீ கூப்பிட்டது கேட்காமல் போன
உன் அக்கா
லட்சுமி