மொட்டை மாடி வேண்டாமென்று நீ தூக்கிய கை

மாப்ளே,

இன்று காலை லிஃப்டுக்குள் மருந்து வாசம். ஆஸ்பத்திரி மருந்து இல்லை, நம் வெடிமருந்து. ஐந்தாம் மாடி நர்ஸம்மாவின் வீட்டுக்காரர் சிவகாசியிலிருந்து பட்டாசுப் பெட்டிகளைக் கொண்டுவந்து இறக்கியிருக்கிறார். ஆள் இறங்கிப் போய்விட்டார், வாசம் இறங்கவில்லை. கதவு மூடியதும் நீ என் பக்கத்தில் நிற்பது போலவே இருந்தது. உன் சட்டைதான் அப்படி மணக்கும். உன் கல்யாணத்தில் பட்டுவேட்டிகூட கந்தக வாசத்தோடுதான் மணவறையில் உட்கார்ந்தது, ஐயர் அக்னி வளர்க்கவே பயந்தார் என்று நான் ஊரெல்லாம் சொல்லி வைத்திருக்கிறேன்.

ஒன்பதாம் மாடி வருவதற்குள் உன்னை வாய்விட்டு ஏசிவிட்டேன். உள்ளே கேமரா இருப்பது மறந்துபோயிற்று. வீட்டுக்குள் நுழைந்ததும் இன்டர்காம் அடித்தது. கீழே வாட்ச்மேன்.

"அண்ணாச்சி, லிஃப்டுக்குள்ள யாருகூடச் சண்டை? ஒருத்தரையும் காணோமே."

"பழைய பாக்கிப்பா. உனக்கு விளங்காது," என்றேன்.

ஏழாயிரம்பண்ணைப் பக்கம் அந்தப் பட்டாசுக் கம்பெனியில் நீ போர்மேன், நான் அதே கம்பெனிக்கு லோடு ஏற்றி அனுப்புகிறவன். நீ செய்தாய், நான் அனுப்பினேன், வடநாடு முழுக்க வெடித்தது. சீசன் நேரத்தில் என் முதல் லாரி நாக்பூரில் நிற்கும்போது கடைசி லாரி ஆமத்தூர் டீக்கடையைத் தாண்டியிருக்காது என்று நான் சொன்னால், பக்கத்தில் நின்று தலையாட்டுவாய். தனியாக வந்த பிறகுதான், "எலே, நாக்பூருன்னு சொன்னது சரி. அங்கனருந்து டிரைவர் கொடி காட்டுனான்னு ஒரு சேர்மானம் எதுக்குலே?" என்பாய். சபையில் என்னை நீ விட்டுக்கொடுத்ததே கிடையாது. நான் எவ்வளவு நீட்டினாலும் அந்த நீளத்துக்கு நீ கூடவே வருவாய். அதை நம்பித்தான் நான் நீட்டினேன்.

இந்தக் கட்டடத்துக்கு உன்னைக் கூட்டி வந்தது நான்தான், மறுக்கவில்லை. பைபாஸ் பக்கம் சீமைக்கருவேலமரமாக நின்ற காடு. அதில் ஜவுளிக்கடை வந்தது, பெரிய ஆஸ்பத்திரி வந்தது, கோழி பொரித்துத் தருகிற கடை வந்தது, அப்புறம் இந்த ஒன்பது மாடி வந்தது. கோயில் கோபுரங்களைச் சேர்க்காமல் பார்த்தால் மதுரைக்குத் தெற்கே இதுதான் உயரம் என்று நான் சொல்லுவேன். எட்டாம் வகுப்பைத் தாண்டாதவன் ஒன்பதுக்குப் போய்விட்டேன் என்று கல்யாண வீடுகளில் சொல்லிச் சொல்லியே எனக்குத் தொண்டை கட்டிப்போனது. எனக்கு எதிர்வீடு உனக்கு. வாசலுக்கு வாசல் பார்க்கும்.

வீட்டைப் பார்க்க வந்த அன்று நீ டைல்ஸைப் பார்க்கவில்லை, சமையல்கட்டைப் பார்க்கவில்லை. நடு ஹாலில் நின்று சுற்றுமுற்றும் பார்த்தாய்.

"ஒரு வாசல்தான் இருக்கு," என்றாய்.

"வீடுன்னா ஒரு வாசல்தாம்லே. நீ என்ன மருந்தா கலக்கப் போற?"

நீ சிரிக்கவில்லை. கம்பெனியில் உனக்கு அது ஒரு வழக்கம். ஓடுவதற்கு எதிரெதிரே வாசல் இல்லாத அறையில் நீ ஆளை உட்கார வைக்கமாட்டாய். கதவுகள் வெளிப்பக்கமாகத் திறக்கின்றனவா என்று காலையில் அறை அறையாகத் தள்ளிப் பார்த்த பிறகுதான் வேலை ஆரம்பிக்கும். அந்தப் பழக்கத்தில் இங்கேயும் உன் வீட்டுக் கதவைப் பகல் முழுக்கத் திறந்தே போட்டிருந்தாய். நீ திறந்து வைத்திருக்கிறாயே என்று நானும் திறந்து வைத்தேன். நடுவிலிருந்த நடைபாதை நம் இரண்டு குடும்பத்துக்கும் ஒரே கூடமாகிவிட்டது. என் வீட்டு டீ உன் வீட்டுக்குப் போகும், உன் வீட்டுப் பேப்பர் என் வீட்டுக்கு வரும். லிஃப்டிலிருந்து வழிதவறி இறங்கியவர்கள் எது யார் வீடு என்று திகைத்து நிற்பார்கள்.

முதல் தீபாவளி வந்தது. நான் சும்மா இருப்பேனா? மொட்டை மாடியில் நம் வாணவேடிக்கை, மதுரை வரைக்கும் தெரியும் என்று கட்டடம் முழுக்கச் சொல்லிவிட்டேன். மதுரையிலிருந்து என் சம்பந்தியைக்கூட அழைத்தேன். கீழே பிள்ளைகள் என்னைச் சூழ்ந்துகொண்டார்கள்.

"தாத்தா, நெசமாவே மதுரைக்குத் தெரியுமா?"

"மதுரை என்ன மதுரை! பிளேன்ல போறவன் சன்னலைத் தொறந்து எட்டிப் பாப்பான். கொளுத்தப் போறது யாரு, எங்க மாப்ள!"

நீ காய்கறிப் பையோடு பக்கத்தில்தான் நின்றாய். "பாப்போம்," என்றாய். அவ்வளவுதான். உன் "பாப்போம்" எனக்குப் போதும். எத்தனை சீசனில் எத்தனை ஆர்டருக்கு "பாப்போம்" என்று சொல்லி முடித்துக் கொடுத்திருக்கிறாய்!

அந்த ஞாயிற்றுக்கிழமை கட்டடச் சங்கக் கூட்டம். கார் நிறுத்துகிற இடத்தில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு எல்லோரும் உட்கார்ந்திருந்தோம். செக்ரட்டரி மூன்றாம் மாடி டீச்சரம்மாதான். தண்ணீர் லாரி, வாசலில் கிடக்கிற செருப்பு, மாடியில் காய்கிற வடகம் என்று ஒவ்வொன்றாகப் பேசி முடித்துவிட்டு, "மொட்டை மாடில வெடி விடலாமா வேண்டாமான்னு ஒரு பேச்சு வந்திருக்கு," என்றார்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எழுந்து நின்றேன். "டீச்சரம்மா, எங்க ரெண்டு பேரையும் வெச்சுக்கிட்டு வெடியைப் பத்தி ஒரு பேச்சா? மாப்ளே, எந்திரிச்சு விளக்கமாச் சொல்லு."

நீ எழுந்தாய். விளக்கமாகத்தான் சொன்னாய்.

"மாடியில வேண்டாம். அங்கன போக ஒரே படி, ஒரே வாசல். அந்தக் கதவும் உள்பக்கமாத் தொறக்குது. அம்புட்டுப் பிள்ளைகளும் மேல நிக்கும்போது ஒரு வாணம் சாஞ்சா, எல்லாரும் அந்த வாசலுக்குத்தான் ஓடுவாக. நான் கொளுத்தமாட்டேன். வேற யாரும் கொளுத்தவும் கூடாது."

"வேண்டாங்கிறவுக கை தூக்குங்க," என்றார் டீச்சரம்மா.

முதலில் உயர்ந்தது உன் கை.

இரண்டாம் மாடி இன்சூரன்ஸ்காரர், "என்ன அண்ணாச்சி, பிளேன்காரன் ஏமாந்துருவான் போலயே!" என்றார். அத்தனை பேரும் சிரித்தார்கள். நீ சிரிக்கவில்லை. கையை இறக்கவும் இல்லை.

அன்று காலையில் என் வீட்டில்தானே டீ குடித்தாய்? "சீனி தூக்கலா இருக்கு," என்று சொன்னாய். சீனியைச் சொல்ல வாய் இருந்தது. இன்னும் கொஞ்ச நேரத்தில் ஊர் பார்க்க உன் பேச்சை உடைக்கப் போகிறேன் என்று சொல்ல வாய் இல்லை.

கூட்டம் முடிந்து ஒரே லிஃப்டில்தான் மேலே வந்தோம்.

"கோவமாலே?" என்றாய்.

"எதுக்குக் கோவம்?"

"மூஞ்சி ஒரு மாதிரி இருக்கே."

"இது எப்பவும் உள்ள மூஞ்சிதான்."

அன்று என் கதவைச் சாத்தினேன். சாத்தியது சரிதான் என்று இப்போதும் சொல்லுவேன்.

தீபாவளியன்று கட்டடத்துக்குப் பின்னால் இருந்த காலி மனையில் கயிறு கட்டி, பிள்ளைகளை எட்ட நிறுத்தி, நீயே எல்லாவற்றையும் கொளுத்தினாய். மாடியைவிடத் தரையில் விட்டால்தான் வாணம் உயரமாகப் போகும், அது ஒரு விஞ்ஞானம் என்று சம்பந்தியிடம் சொல்லிச் சமாளித்தேன். அவர் நம்பினார். அதன் பிறகு நாம் பேசாமல் இருந்தோம் என்று யாரும் சொல்ல முடியாது. காலை டீக்கு நீ வருவதும் நிற்கவில்லை. மோட்டார் ரிப்பேரைப் பேசினோம், மழை வருமா என்று பேசினோம். எனக்குப் பேச வேண்டியதை மட்டும் பேசவில்லை.

மார்கழியில் ஒரு காலை நீ டீக்கு வரவில்லை. உன் வீட்டிலிருந்து உன் பெண்டாட்டி, நான் தங்கச்சி என்று கூப்பிடுகிறவள், தலையை விரித்துப்போட்டபடி ஓடி வந்தாள். ஆம்புலன்ஸ்காரர்களின் ஸ்ட்ரெச்சர் லிஃப்டுக்குள் நுழையவில்லை. உன்னைப் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காரவைத்து இறக்கினோம். நீ சாய்ந்துவிடாமல் தோளைப் பிடித்திருந்தது நான். அந்த ஒன்பது மாடி இறங்கும்வரை எனக்கு உன்மேல் எந்தக் கோபமும் இல்லை மாப்ளே. ஆஸ்பத்திரி பக்கத்துத் தெருவில்தான். அப்படியும் பிந்திவிட்டது.

கோபம் திரும்பி வந்தது உன் பதினாறாம் நாள். சாப்பாடு முடிந்து எல்லோரும் போனபின் டீச்சரம்மா என்னிடம் வந்தார்.

"அண்ணாச்சி, ஒண்ணு சொல்லணும்னு இருந்தேன். அந்த வெடி விசயத்தைக் கூட்டத்துல எடுக்கச் சொன்னதே அவுகதான்."

"அவன் எதுக்கு மூணாம் மாடிக்கு வந்து சொல்லணும்? நான் எதிர்வீட்டுலதான இருந்தேன்?"

"நானும் அதைத்தான் கேட்டேன். 'தனியாச் சொன்னாக் கேக்கமாட்டான் டீச்சர், சிரிச்சே மழுப்பிருவான். மறுநாள் இன்னும் பத்துப் பேருகிட்டச் சொல்லிட்டு வந்து நிப்பான். சபையில வெச்சாத்தான் அடங்குவான்'னு சொன்னாக. உங்க மேல அம்புட்டு உரிமை அவுகளுக்கு."

அவர் ஆறுதலாக நினைத்துத்தான் சொன்னார். எனக்கு இலை முன்னால் மறுபடி உட்கார்ந்து எல்லாவற்றையும் கக்கிவிடலாம் போல இருந்தது. கையைத் தூக்கியது அந்த நேரத்துப் புத்தி என்று அதுவரை நினைத்திருந்தேன். நீயோ படியிறங்கிப் போய், ஆளைப் பிடித்து, நேரம் குறித்து ஏற்பாடு செய்திருக்கிறாய். என் டீயைக் குடித்தபோதே உனக்கு எல்லாம் தெரியும். அடங்குவான் என்றாயாமே. என் பெண்டாட்டிகூட என்னை அப்படிச் சொன்னதில்லை.

இப்போது அடுத்த தீபாவளி வந்துவிட்டது. பின்பக்கத்துக் காலி மனையில் இன்னொரு கட்டடத்துக்குத் தோண்டிவிட்டார்கள். பன்னிரண்டு மாடியாம். அஸ்திவாரம் சரியில்லை, காற்றடித்தால் ஆடும் என்று நான் பார்ப்பவர்களிடமெல்லாம் சொல்லிவருகிறேன். எது எப்படியோ, வெடி விட இடம் இல்லை. இன்று மத்தியானம் நர்ஸம்மா வீட்டுக்காரரும் இன்சூரன்ஸ்காரரும் என் வீட்டுக்கு வந்தார்கள்.

"அண்ணாச்சி, கீழ இடமில்ல. இந்த ஒரு வருசம் மாடியிலயே விட்டுருவோம். நீங்க சொன்னா டீச்சரம்மா தட்டமாட்டாக. நீங்கதான் முன்ன நின்னு நடத்தணும்."

அன்று சிரித்த வாய் இன்று கெஞ்சுகிறது. நான் கனவில் கேட்ட பேச்சு இது. மதுரைக்குத் தெரியும் என்பது நாக்கு நுனியில் வந்து நின்றது. ஆனால் வாயிலிருந்து வந்தது வேறு.

"மாடியில கூடாது. ஒரே வாசல், அதுவும் உள்பக்கமாத் தொறக்குது."

"சின்ன வாணம் ரெண்டு மட்டும்…"

"பூஞ்சட்டி, மத்தாப்புகூடக் கூடாது. பள்ளிக்கூட மைதானத்தைக் கேட்டு வாங்குங்க. நான் வந்து கொளுத்துறேன்."

அவர்கள் போனதும் நாற்காலியில் உட்கார்ந்தேன். நல்ல காரியம் செய்தவனுக்கு வருகிற நிம்மதி எனக்கு வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. பார்த்தாயா? நான் கேட்கிறவன்தான். நாலு பேர் சிரிக்கச் சொன்னதையே ஒரு சொல் சிந்தாமல் வைத்திருந்து, நீ இல்லாத இடத்தில் எடுத்துச் சொல்லுகிறேன். தனியாக, டீயைக் குடித்துக்கொண்டே சொல்லியிருந்தால் கேட்டிருக்கமாட்டேனா? முதலில் சிரித்திருப்பேன். சரி, கொஞ்சம் மழுப்பியும் இருப்பேன். அதற்குப் பிறகு?

ஒன்பது மாடியும் ஏறி இறங்கும்போது நான் சுமந்துகொண்டிருப்பது ஒரே ஒரு கேள்வியைத்தான். கம்பெனியில் நீ இருந்தவரை, அன்றன்றைய சரக்கில் கைக்கு வந்ததை எடுத்துச் சாயங்காலம் பொட்டலில் வைத்துக் கொளுத்திப் பார்க்காமல் ஒரு பெட்டியையும் என் லாரியில் ஏற்றவிட்டதில்லை. டிரைவர் கத்துகிறான் என்று நான் குதித்தால், "இருலே, நல்லதா நமுத்ததான்னு பாத்துருவோம்," என்பாய். மழையில் நனைந்த பெட்டியைக்கூட ஒன்றைப் பற்றவைத்துப் பார்த்த பிறகுதான் ஒதுக்குவாய்.

என்னை மட்டும் ஏன் மாப்ளே, ஒரு தடவைகூடப் பற்றவைத்துப் பார்க்காமல் நமுத்தது என்று ஒதுக்கினாய்?